பந்தோடு நின்றவர்கள்

சுசீலாபாய் தாய் வயிற்றில் இருந்தபோதே அவள் அப்பா சற்குணம் கடலோடு போய்விட்டார். எழுபத்தொன்றாம் வருடத்துப் போரில், எதிரியின் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ பட்டு அவருடைய கப்பல் அரபிக்கடலில் மூழ்கியது. பாய்லர் அறையில் அவருக்கு வேலை. உடல் கிடைக்கவில்லை. தந்தி வந்தது, பென்ஷனும் வந்தது. அம்மா தங்கபாய் மட்டும் நம்பவில்லை.

"அவிய பூவாறு கடல்ல நீந்தி வளந்தவிய. எங்கயாவது கரை பிடிச்சிருப்பாவ. செத்ததக் கண்டவங்க ஆராவது வந்து சொல்லட்டும்," என்பாள். பாறசாலை கிறிஸ்தவ சபையில் மரித்தவர்களை நினைக்கும் நாளில் கணவர் பெயரை வாசிக்க இன்றுவரை அவள் சம்மதித்ததில்லை.

சுசீலாபாய் இப்போது டவுன் பஸ் கண்டக்டர். கடற்படையின் பழைய படங்களை நகரத்தில் பாளையம் பக்கம் ஒரு ஹாலில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டூட்டி முடிந்ததும் யூனிபார்மோடு அங்கே போனாள். இரண்டு படங்கள் அவளை நிறுத்தின. ஒன்றில், அப்பாவின் கப்பலிலிருந்து தப்பியவர்கள் மீட்புக் கப்பலின் தளத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்று போருக்கு முன்பு எடுத்தது: அரை டவுசரும் பந்துமாகச் சில மாலுமிகள். நடுவில் நின்ற ஒல்லி ஆளின் முகம் வீட்டிலிருக்கும் கல்யாணப் படத்தில் உள்ள முகம்தான். அங்கே விறைப்பாக நிற்பவர் இங்கே சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்குப் புதிது.

இரண்டையும் போனில் எடுத்துக்கொண்டு, பொறுப்பிலிருந்த அதிகாரியிடம் போனாள். "இதில உயிரோட வந்தவங்க ஆராவது இங்க உண்டா சார்?"

"கரமனையில் ஒருத்தர் இருக்கார். அனந்தபத்மநாபன். வயர்லெஸ்ஸில் இருந்தவர். கூப்பிட்டோம், வரலை."

அடுத்த விடுமுறையில் கரமனை அக்ரகாரத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்த கிழவர் விஷயத்தைக் கேட்டதும் முகம் கொடுக்கவில்லை.

"அதப் பத்தி நான் பேசறதில்லேம்மா. ஆத்துக்காரிகிட்டயே பேசினதில்லே," என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

சுசீலாபாய் மறுபடியும் போனாள். அப்போதும் அதே பதில்தான். அதற்கடுத்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்றபடி போனை நீட்டி, பந்தோடு நின்ற ஆட்களைக் காட்டினாள்.

"நடுவில நிக்கது எனக்க அப்பா."

அனந்தபத்மநாபன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் எடுத்த படம்," என்றார். "என் கேமரா. ரோலை பம்பாயில ஸ்டுடியோவில குடுத்துட்டுத்தான் கப்பல் கிளம்பித்து. படம் கழுவி வந்தப்போ இதில இருக்கற ஒருத்தருமே உயிரோட இல்லே. ஆத்தில வச்சுக்க மனசில்லாம நேவிக்கே குடுத்துட்டேன். உள்ள வாங்கோ."

அவள் உட்கார்ந்ததும் அவராகவே சொன்னார்.

"படம் எப்போ வரும், எப்போ வரும்னு சற்குணம் என்னைத் தொளைச்சுண்டே இருப்பான். ஆத்துக்காரி முழுகாம இருக்கா, அனுப்பணும்பான். அன்னிக்கு ராத்திரி டூட்டிக்குப் போறச்சேயும் அதையே கேட்டுட்டுத்தான் ஏணியில இறங்கினான். கொஞ்ச நேரத்தில அடி விழுந்தது. பாய்லர் பக்கத்திலதான் விழுந்தது. கீழ இருந்தவா ஒருத்தரும் மேல வரலே. நான் மேல் தளத்தில இருந்தேன். பொழைச்சேன். வேற காரணம் ஒண்ணும் கெடையாது."

சுசீலாபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சார் இத எனக்க அம்மைகிட்ட வந்து சொல்லணும்."

"அது என்னால முடியாதும்மா."

"நான் சொன்னா அம்மை நம்பமாட்டா. கண்டவங்க சொல்லணும். அந்த ஒரு ஆளுக்காக்கும் இத்தன வருசமா காத்திருக்கா. சார் வராம நான் போகமாட்டேன்."

சொன்னபடியே அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அவர் ஒருமுறை உள்ளே போய்விட்டு வந்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

இருவரும் பஸ்ஸில் பாறசாலைக்குப் போனார்கள். அப்பாவின் நீச்சலை நம்பியே அம்மா காத்திருப்பதை வழியில் அவள் அவரிடம் சொன்னாள். தங்கபாயின் எதிரில் உட்கார்ந்ததும் அவர் எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"அவனுக்கு நீந்தத் தெரியும்னு நீங்க சொல்றதா உங்க பொண்ணு சொன்னா. நன்னாத் தெரியும் அவனுக்கு. ஆனா தண்ணியில குதிக்கவே அவனுக்கு வழி இல்லாம போச்சும்மா."

தங்கபாய் அழவில்லை. "ஏணியில எறங்குனத நீங்க கண்டதாக்கும், அல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணால கண்டேன்."

"பின்னே சரி." அவள் மகளைப் பார்த்தாள். "ஞாயிறாழ்ச்ச சபையில பேரு குடு. அதுக்கு முன்ன அந்தப் படத்த எனக்கு நேர்ல காணணும்."

மறுநாள் அம்மாவை ஆட்டோவில் ஹாலுக்கு அழைத்துப் போனாள் சுசீலாபாய். அனந்தபத்மநாபன் அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தங்கபாய் படத்திலிருந்த கணவரை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கை போட்டு நின்ற ஆளை விரலால் தொட்டாள்.

"இது ஆரு?"

"ராகவன். கொல்லம் பக்கம். ஊர்ல ஒரு தங்கை மட்டும் இருக்கான்னு சொல்லுவான்."

"அவளும் என்னப்போல காத்திருப்பா அல்லியா? அவகிட்ட ஆராவது போய்ச் சொன்னாவளா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"சுசீலா, உனக்கு என்னைக்கு லீவு?"

"புதனாழ்ச்ச."

"சாரையும் கூட்டிட்டு கொல்லத்துக்குப் போ."

அனந்தபத்மநாபன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் சுசீலாபாயிடம் திரும்பினார். "காலம்பற ரயில்லயே போயிடலாம். அதுக்குள்ள அவன் ஊர்ப் பேரு எனக்கு ஞாபகம் வந்துடும்."