மழைக் காட்சியில் ஒரு பிள்ளை

சினிமாக்காரருக்குப் படத்தை எடுத்து விற்றால் போதாது. அதை எப்படி எடுத்தோம் என்பதையும் எடுத்து விற்க வேண்டும். போன கிழமை அப்படி ஒரு வீடியோ வந்தது. எங்கள் கரையில் எடுத்த அந்தப் பெரிய படத்தைப் பற்றி யாருக்கும் தெரியாத விசயங்கள் என்று இயக்குநரே கதிரையில் சாய்ந்திருந்து சொல்கிறார். கடலில் நீந்தியது கதாநாயகன் இல்லையாம், வல்வெட்டித்துறைப் பொடியன் ஒருவனாம். நாயகனுக்கு அலையைக் கண்டாலே வயிற்றைக் குமட்டுமாம். அவர் நெஞ்சில் வழிந்த இரத்தம் நன்னாரிச் சர்பத்தாம். மழை பவுசர் லொறியில் வந்த தண்ணியாம். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பவுசர் வந்தது எனக்குத் தெரியாதா? அதற்குப் பின்னால் நின்றவளே நான்தான். பிறகு அந்த மனுசன் மழைக் காட்சிப் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்க, நான் கத்தியை வைத்துவிட்டேன். இதைச் செந்தூரன் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் முதலில் தோன்றியது.

செந்தூரன் என் தங்கச்சி உதயகலாவின் புருசன். அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியதேயில்லை. கலைந்து கலைந்து போய், கடைசியில் ஒன்று தங்கியபோது சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். முதல் மொட்டை அடிக்கும்வரை பிள்ளையைப் படம் பிடிப்பதில்லை, ஒரு கண்ணும் படக்கூடாது. செந்தூரன் அப்போது கட்டாரில். அவனுக்குக்கூடப் போனில் முகம் காட்ட மாட்டாள். "மொட்டைக்கு வருவியள்தானே, நேரை பாருங்கோ" என்பாள். பாவம், அவனும் ஒத்துக்கொண்டான். "அப்ப சத்தத்தையாவது கேக்க விடு" என்றான். பின்னேரம் பின்னேரம் இவள் போனைப் பிள்ளையின் வாய்க்குக் கிட்டப் பிடிப்பாள். கோகுலன் இங்கே அழ, தகப்பன் அங்கே சிரிப்பான்.

படக்காரர் வந்தபோது பிள்ளைக்கு ஆறு மாதம். கதாநாயகி மழைக்குள் கைக்குழந்தையோடு கரையில் நிற்கும் காட்சிக்குப் பிள்ளை தேடினார்கள். நேர்த்தி வைத்தவள் மாட்டேன் என்பாள் என்று பார்த்தால், அவள் வேறு கணக்குப் போட்டாள்.

"அக்கா, படத்திலை அது பொம்பிளைப் பிள்ளை. வேறை பேர், வேறை தாய். கண் பட்டாலும் அந்தப் பிள்ளைக்குத்தான் படும். அவரும் கட்டாரிலை இருந்து இவனைப் பாப்பார்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆசைக்குக் கண் இல்லை. கவுன் போட்டுக் கொண்டுபோனோம். தாயைக் கண்டால் தாவும் என்று எங்களைப் பவுசருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அழுகை மட்டும் கேட்டது. வீறிட்டு வீறிட்டு அழுதான். பிறகு துவாயில் சுற்றித் தந்து, அருமையாக வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிள்ளையின் எட்டாம் மாதம் டெங்கு வந்தது. ஒரு கிழமை தாங்கவில்லை. செந்தூரன் பாஸ்போட்டுக்கு முதலாளியோடு மல்லுக்கட்டி விமானம் ஏற முதல், இங்கே அடக்கம் முடிந்துவிட்டது. பச்சைப் பிள்ளையை வைத்திருக்க ஊர் விடாது. வந்தவன் முற்றத்திலேயே நின்று, "ஒரு படமும் இல்லையோ?" என்று கேட்டான். இவள் இல்லை என்று தலையாட்டினாள், சினிமாவில் மட்டும் வருவான் என்றாள். அவளை அவன் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் இருவருக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருப்பான், பிசைவான், எழும்பிவிடுவான். பிறகு அவன் கட்டாருக்குத் திரும்பவில்லை. மருதனாமடத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

அடுத்த வருசம் படம் வந்தது. மூன்று பேரும் ரவுன் தியேட்டருக்குப் போனோம். மழைக் காட்சியில் நாயகி சீலைத் தலைப்பை விலக்கிப் பிள்ளையின் முகத்தைக் காட்டினாள். அது எங்கள் பிள்ளை இல்லை. ஆரோ பெற்ற பிள்ளை. உதயகலா இருட்டுக்குள் என் கையைப் பிடித்து நசித்தாள். அந்த நேரம் பார்த்து அழுகை கேட்டது. அது அவன்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்களுக்குத் தெரியும். செந்தூரனுக்கும் தெரிந்துவிட்டது, பின்னேரங்களில் கேட்ட அழுகை அல்லவா.

"கலா, உது என்ரை பிள்ளை" என்று எழும்பி நின்றுவிட்டான். பின்னால் இருந்தவர்கள் இருக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன வடிவு பார்" என்றான்.

"ஓம்" என்றாள் உதயகலா.

வீட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் சொல்வது? ஊர் வம்பெல்லாம் பேசுகிற நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன். அவன் அந்தக் காட்சியிலிருந்து பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, சாமியறை வாசலில் கொழுவினான். காலையில் குளித்துவிட்டு நந்தியாவட்டை மாலை கட்டிப் போட்டுத்தான் வேலைக்குப் போவான். அவன் படலையைத் தாண்டியதும் உதயகலா ஓடிப்போய் மாலையைக் கழற்றுவாள். "உயிரோடை இருக்கிற பிள்ளை அக்கா. மாலை போட்டாப் பாவமெல்லே" என்பாள். அவன் வர முதல் திரும்பவும் போட்டுவிடுவாள். ஆரம்பத்தில் படத்தைப் பார்க்காமலே கழற்றுவாள். பிறகு பிறகு தூசி தட்டினாள். அதுக்கும் பிறகு நின்று பார்த்தாள். நானும் அந்த வழியால் போகும்போது பார்ப்பேன், குழந்தை முகம்தானே.

ஆனால் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. "எங்கடையையும் எடுத்திருப்பாங்கள் அக்கா. எங்கையாவது கிடக்கும். ஆரையாவது பிடிச்சுக் கேப்பம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீடியோவில் அந்த நம்பிக்கைக்கும் கடைசிப் பால் ஊற்றினார்கள். முதல் நாள் வந்த குழந்தை ஒரே அழுகையாம். கமராவை ஓட விடவே இல்லையாம். ஆனால் அழுகை நன்றாக இருந்ததால் சத்தத்தை மட்டும் பதிந்துகொண்டார்களாம். அடுத்த நாள் பருத்தித்துறையிலிருந்து வந்த பெண் குழந்தையை வைத்துக் காட்சியை எடுத்தார்களாம். சொல்லிவிட்டு இயக்குநர் சிரித்தார். இதோ அந்தக் குழந்தை என்று காட்டினார்கள். பிரேமுக்குள் இருந்த அதே முகம், கொஞ்சம் வளர்ந்து, ஒரு வளவுக்குள் முயல்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடியது.

நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். மத்தியானத்திலேயே செந்தூரனின் மோட்டச்சைக்கிள் முற்றத்தில் நின்றது. கடையில் ஆரோ ஆவலாதிப்பட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவன் சாமியறை வாசலில் நின்றான். உதயகலா எதிரே நின்றாள்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப துவக்கம்?"

"தியேட்டரிலையே தெரியும். அண்டைக்கு நீங்கள் சாப்பிட்டனீங்கள். பேந்து என்னெண்டு சொல்லுறது?"

என்னையும் பார்த்தான். நானும் தலையாட்டினேன். கத்துவான், பிரேமை எறிவான் என்று நினைத்தேன். அவன் எறியவில்லை. சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தான்.

"சரி" என்றான். "இப்ப சொல்லு. அவன் எப்பிடி இருப்பான்?"

உதயகலா அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லப் போகிறவள்போல அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"நெத்தி உங்கடை நெத்தி" என்று தொடங்கினாள். "கண்..."

நிறுத்தினாள். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு இறுக்கி மூடினாள். அவளுடைய கை நிலத்தைத் தடவியது.

"உந்தப் பிள்ளைதான் வருகுது" என்றாள். "உவளை விலத்திப் பாத்தா அங்கை ஒண்டும் இல்லை. செந்தூரன், என்ரை பிள்ளையின்ரை முகம் எனக்கு வருகுதில்லை."

புருசனைப் பேர் சொல்லி அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவன் அவளைப் பிடித்துத் தன்னோடு சாய்த்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீங்கள்தானே குளிக்க வாத்தது. நீங்கள் சொல்லுங்கோ."

வாய்க்காரி என்று ஊரில் எனக்குப் பேர். காலில் கிடத்தி, எண்ணெய் பூசி, மூக்கைப் பிடித்துவிட்டு நான் வளர்த்த பிள்ளை. அவன் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"சுருட்டை மயிர், தம்பி" என்றேன். "நல்ல சுருட்டை மயிர் அவனுக்கு."

செந்தூரன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். நான் நிமிர்ந்து பிரேமைப் பார்த்தேன். சுருட்டை மயிர் அந்தப் பிள்ளைக்கு.