ஆர்மெல் துடைக்காத இடம்

1

இந்தக் கதை ஒரு வலது தோளிலிருந்து வந்தது. தோள் என்னுடையதல்ல, ஆர்மெலுடையது. கோழி ஆலையில் எனக்கு அடுத்து நிற்பவள். செத்த கோழியைத் தலைக்கு மேலே ஓடும் கொக்கியில் தூக்கி மாட்டி மாட்டி மூட்டு தேய்ந்துவிட்டது. கையை உயர்த்தும்போதெல்லாம் முகம் கோணும். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் தோளைப் பிசைந்துகொண்டே, "நான் ஒருத்தன் முட்டியக் காலி பண்ணிட்டேன்" என்றாள். பிறகு ரொட்டியைக் கடித்தாள்.

எழுதுகிற ஆளின் காதில் இப்படி ஒன்றைப் போட்டுவிட்டு யாராவது ரொட்டி தின்பார்களா? அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பிரான்சின் மேற்கே, மழை விடாத ப்ளூவெர்ன் என்ற சிற்றூரில், மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம், ஆனாலும் அங்கே சம்பளம் வாங்கி ஆடும் ஒரு கூடைப்பந்து அணி—"

வேண்டாம். சுற்றுலா அலுவலகம் அச்சடித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது: "குவின்சியின் முட்டி முறிந்த சத்தம் காய்ந்த விறகு—"

அதுவும் வேண்டாம். நான் அரங்கில் இருந்தேன், சத்தத்தைக் கேட்டேன். அது விறகு மாதிரி இல்லை. முட்டி மாதிரிதான் இருந்தது.

சரி, நடந்ததையே சொல்கிறேன். பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. தோற்றால் எங்கள் க்ளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். இறங்கினால் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் போய்விடுவார்கள். பிறகு சனிக்கிழமைகளில் இந்த ஊரில் செய்வதற்கு ஒன்றுமில்லை, குடிப்பதைத் தவிர.

ஆர்மெலின் இடம் கூடை வளையத்துக்குப் பின்னால், ஒரு குட்டை முக்காலி. கையில் துடைப்பான். ஆட்டக்காரன் விழுந்து எழுந்தால் தரையில் வேர்வை அப்பிக்கொள்ளும். ஆட்டம் நின்றதும் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வந்துவிட வேண்டும். [கூலி கிடையாது. சாஸேஜ் சுருட்டிய ஒரு காலெத் (இந்த ஊர் தோசை), ஒரு பியர், க்ளப் பெயர் போட்ட சட்டை. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் அங்கே ஏதாவது ஒரு வேலை செய்கிறார்கள்.]

எதிரணியின் குவின்சி, அமெரிக்கன், அன்று எங்களைப் பிழிந்தெடுத்துக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டத்தில் ஆர்மெலின் வளையத்துக்கு அடியிலேயே மல்லாந்து விழுந்தான். எழுந்து ஃப்ரீ த்ரோ போட்டான். அவன் முதுகின் ஈரம் தரையில் அப்படியே கிடந்தது. பந்து மறுமுனைக்குப் போயிற்று. அங்கே எங்கள் பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி அணியைக் கூட்டிப் பேசினார். ஆற அமரத் துடைத்துவிட்டு வர நேரம் இருந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. பந்தோடு பாய்ந்து வந்த குவின்சி அதே இடத்தில் காலை ஊன்றினான்.

நாங்கள் ஜெயித்தோம்.

3

இந்த இடத்தில் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "கூட்டத்தின் இரைச்சலில் ஆர்மெல் அந்த ஈரத்தைக் கவனிக்கவில்லை." எழுதியதை அவளுக்கு அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன்.

"யாரு கவனிக்கல?"

"நீதான்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பியர் வரிசைல நின்ன."

"அப்ப பாத்தியா?"

"பாத்தேன். எந்திரிக்கல."

"தோள் வலியா?"

"வலி எப்பவும்தான் இருக்கு. மத்த தடவையெல்லாம் எந்திரிச்சேன்ல?"

"அப்புறம் ஏன்?"

"நீதான எழுதுற, நீயே கண்டுபிடி. பொய் மட்டும் எழுதாத."

அன்றிலிருந்து இந்தப் பாத்திரத்தை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டவள் என்று எழுதலாம். ஆனால் அவளோடு வேலை செய்கிறேன், கெட்டவள் இல்லை. வலி என்று எழுதலாம். அதை அவளே பிடுங்கிக்கொண்டாள். மிச்சம் இருப்பது முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அவள் கண்ணெதிரே ஈரமான தரை, ஜெயிக்க வேண்டிய ஆட்டம். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

4

க்ளப் தலைவர் பெர்த்துவிடம் அவள் திங்கட்கிழமையே சொல்லிவிட்டாள். அவருக்கு ஊரில் இறைச்சிக் கடை. கத்தியைத் தீட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"வேணும்னே பண்ணியா?"

"தெரியல. எந்திரிக்கல."

"அப்ப நடுவரும்தான் பாக்கல. அவனுங்க பயிற்சியாளனும் பாக்கல. எல்லார் கண்ணும் அவிஞ்சு போச்சு, உன் கண்ணுக்கு மட்டும் வழக்காக்கும்?"

"தொடைக்கிறது என் வேலைங்க."

"சம்பளமில்லாத வேலை! ஆர்மெல், நான் சொல்றதக் கேளு. ரெண்டு வருஷமா இந்த ஊரு சிரிச்சதில்ல. இப்பத்தான் பல்லக் காட்டுது. நீ போய் வாயத் தொறந்த, அத்தனை பேரும் உன் வாசல்ல வந்து நிப்பாங்க. நானும் நிப்பேன்." பிறகு ஒரு துண்டு ஈரலைத் தாளில் சுற்றி நீட்டினார். "இந்தா, எடுத்துட்டுப் போ."

அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கவில்லை என்று எழுத ஆசையாக இருந்தது.*

* வறுத்துத் தின்றும் விட்டாள். நன்றாக இருந்ததாம்.

5

குவின்சியின் அணி பஸ் ஆட்டம் முடிந்த அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டது. அவன் மட்டும் எங்கள் மருத்துவமனையில் கிடந்தான். செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்ததும், ஆர்மெல் வெண்ணெய் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன அவன் பாதங்கள்.

அவன் பிரெஞ்சு அரைகுறை. "மதாம், நீங்க டாக்டரா?"

"கோழி ஆலைல வேலை. க்ளப்புல தரை தொடைக்கிறேன்."

"ஓ! மாப்! ஞாபகம் இருக்கு. நல்லா வேகமா ஓடுவீங்க. உங்க டீம்ல எல்லாரையும்விட நீங்கதான் வேகம்."

அவள் சிரித்துவிட்டாள். அதற்குத்தான் இன்றுவரை தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.

"இனிமே ஆடுவியாப்பா?"

"தெரியல. டாக்டர் மூஞ்சப் பாத்தா பிடிக்கல." கேக்கைப் பிட்டு வாயில் போட்டான். "என் தப்புதான் மதாம். கால் வச்ச விதம் சரியில்ல. நாள் முழுக்க அதையே ஓட்டிப் பாக்குறேன். சின்னப் பையனா இருக்கிறப்பவே அப்பா சொல்லுவாரு, கால் வைக்கத் தெரியாதவன்னு."

சொல்வதற்கு ஆயிரம் இடங்கள் இருந்திருக்கலாம். சரியான இடம் அதுதான். ஆர்மெல் வாயைத் திறந்து, "இன்னொரு துண்டு சாப்பிடு" என்றாள்.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் சொல்கிறாள், அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். இப்படி எழுதியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. இன்னொன்றில் சொல்கிறாள், அவன் கேக் தட்டைச் சுவரில் வீசுகிறான், ஊர் அவள் வாசலில்— அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். மூன்றாவதில் சொல்லாமலே சாகிறாள்; அதற்கு அவசரமில்லை.

குவின்சி இப்போது அவன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குப் பந்து சொல்லித் தருகிறான். மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினான்: பையன்களிடம் தன் காலை உதாரணமாகக் காட்டித்தான் சொல்லித் தருகிறானாம், இப்படி ஊன்றாதீர்கள் என்று.

"அதயாவது அவன்கிட்ட சொல்லணும்ல, கால்ல தப்பில்லன்னு?" என்றேன், கொக்கிகள் ஓடிக்கொண்டிருக்க.

"சொல்லணும்."

"எப்ப?"

"நீ கோழியப் பாரு. ரெண்டு கொக்கி காலியாப் போகுது பாரு."

அவளுக்குப் பதிலாக அதை நான் எழுதிவிட முடியாது. எழுதினாலும் அது போய்ச் சேராது. அவன் தமிழ் படிக்கப் போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் அவளை ரயிலேற்றி அனுப்பலாம், தொலைபேசியைக் கையில் கொடுக்கலாம், முக்காலியிலேயே விட்டுவிடலாம். எதைச் செய்தாலும் கணக்கு தீராது. ஆர்மெல் குவின்சிக்கு ஒரு வாக்கியம் பாக்கி வைத்திருக்கிறாள்: "பாத்தேன், எந்திரிக்கல."