வெயில் வெந்நீர்

மணக்காட்டுக் காசிம் லெப்பைக்கு மதரஸாவில் பிள்ளைகளுக்கு மார்க்கச் சட்டம் ஓதிக்கொடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மனைவி சைனம்பு செம்புப் பானையை முற்றத்து வெயிலில் வைத்துச் சூடாக்கிய தண்ணீரில் கைக்குழந்தை ருக்கியாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். மனுஷர் நின்று, அந்தத் தண்ணீர் மக்ரூஹ் என்றார். ஹராம் அல்ல, ஆனாலும் வெறுக்கத்தக்கது, மேலில் பட்டால் வெண்குஷ்டம் வருமென்று பயம். சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார்.

சைனம்பு அன்றே பானையைப் பரணில் ஏற்றினாள். பயத்தை எங்கே ஏற்றுவது? மகளின் தோலைத் தினமும் தடவித் தடவிப் பார்த்தே வளர்த்தாள்.

ருக்கியாவுக்குச் சாலைக் கடைத்தெருக் குடும்பம் ஒன்றிலிருந்து நல்ல சம்பந்தம் வந்து, நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் கழுத்தோரம் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அடுப்புச் சூடு பட்டதா என்று மாப்பிள்ளையின் தாய் சாதாரணமாகத்தான் கேட்டாள். சைனம்புவோ உடைந்துபோய், வெயில் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றிய கதையைச் சொல்லி, வெண்குஷ்டம் என்று தானே பெயரும் வைத்துவிட்டாள். மறுநாள் சம்பந்தம் முறிந்தது.

அதற்குப் பிறகு அவள் மகளைத் தொடவேயில்லை. தன் கையே ஆகாது என்று ஒதுங்கிக் கிடந்தாள்.

எட்டாம் நாள் லெப்பை தான் ஓதிய பழைய சட்டப் புத்தகத்தை, அந்தக் கிதாபை, எடுத்துக்கொண்டு வந்து அவளருகே உட்கார்ந்தார். அந்தச் சட்டம் பிறந்த வழியை எடுத்துச் சொன்னார். நபிமொழி என்று சொல்லப்படுவதற்கு ஆதாரம் கிடையாது. கலீஃபா உமர் சொன்னதாக வந்த செய்தியை அறிவித்தவர் நம்பத்தகாதவர். எந்த வைத்தியரும் அதை நிரூபித்ததில்லை. ஆகவே அது மக்ரூஹே அல்ல என்று பெரிய இமாம் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

"ஒனக்க மேல ஒரு குத்தமும் இல்ல, சைனம்பு."

அவள் கிதாபைப் பார்த்தாள்.

"ருக்கியாக்க வாப்பா, இத நீங்க எப்பம் படிச்சிய?"

"ஓதப் போன காலத்துல."

"நம்ம நிக்காஹுக்கு முன்னயா?"

லெப்பை ஆமென்று தலையசைத்தார். சட்டத்தைச் சொன்னால் போதும், அது வந்த வழி பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அன்று நினைத்திருந்தார். இன்று வெட்கத்தில் நெஞ்சு வெந்தது. அவள் ஏசட்டும் என்று காத்திருந்தார்.

அவள் ஏசவில்லை. எழுந்து உள்ளே போய், "மோளே" என்று கூப்பிட்டு, ருக்கியாவின் கழுத்து வெள்ளையில் கையை வைத்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். லெப்பை கிதாபோடு வெளியிலேயே இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.