மஹ்பூபியின் பெண்

அரபுக் குதிரை மஹ்பூபி விடியும் முன்பே செத்துப்போயிருந்தாள். அவள் ஈன்ற குட்டி மட்டும் வைக்கோலில் நடுங்கி நின்றபடி, பசியில் லாயக்காரக் கிழவர் தனகோடியின் முழங்கையைச் சப்பியது.

மேல்விஷாரத்தில் நிசார் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் இருந்த லாயம் அது. வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர் வரை எந்த ஜட்கா வண்டி ஸ்டாண்டில் போய்க் கேட்டாலும், நல்ல குதிரை என்றால் அந்த அரபுக்காரி பெற்றதாகத்தான் இருக்கும். ஆனால் அத்தனையும் ஆண். காயடித்து வண்டியில் பூட்டிவிட்டார்கள். முதன்முதலாக ஒரு பெண் பிறந்திருக்கிறது. இதுவும் போனால் அவள் வம்சம் இத்தோடு சரி. குடிதண்ணீர்ப் பானைக்கே மூடி போட்டுக் கட்டி வைக்கிற ஆள் தனகோடி. மஹ்பூபியை மட்டும் ஒரு நாளும் கயிற்றில் கட்டியதில்லை.

பக்கத்துத் தெரு ஜட்காக்காரன் நந்தகோபாலின் குதிரை நேற்றுத்தான் செத்த குட்டி போட்டது. மடி கனத்து நிற்கிறது. அந்தக் குட்டியின் தோலை இதன்மேல் போர்த்தினால், தன் குட்டி என்று நினைத்துப் பால் விடலாம். மாட்டுக்குச் செய்கிற வேலை. குதிரைக்குத் தனகோடி செய்து பார்த்ததில்லை.

"தோலு எங்கடா?" என்று அவனிடம் போய்க் கேட்டார்.

நந்தகோபால் தலையைச் சொறிந்தான். "உங்க டேனரியிலதான் போட்டேன், பெரியவரே. நேத்தே உப்பு தடவிட்டாங்க."

"ஒரு நாள் ஆவல, அதுக்குள்ள வித்துட்டியா? நீயெல்லாம் ஒரு ஆளு!"

"ஊரே தோலு ஊரு. வேற இன்னா பண்ணுவாங்க, பொதைப்பாங்களா?"

தனகோடி டேனரியில் அந்தத் தோலைத் தேடி எடுத்து முகர்ந்தார். உப்பு வாடைதான் அடித்தது. கழுவினால் மிச்சம் இருக்கிற குட்டி வாடையும் போய்விடும். அப்படியே உதறி, குட்டியின் முதுகில் வைத்துக் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. நந்தகோபாலின் குதிரை பொல்லாதது. ஒரே உதையில் குட்டியின் மண்டை பிளந்துவிடும்.

"வேணாம் தனகோடி. ஆட்டுப் பாலே குடுத்துப் பாக்கலாமே?" என்றார் சாயபு.

"குடுத்தாச்சு பாய். முழுங்க மாட்டேங்குது. எனக்கும் பயந்தான். நீங்க அப்பால போங்க."

நந்தகோபால் தன் குதிரையை லாயத்துக்குக் கொண்டுவந்து கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தான். தனகோடி குட்டியை விலாவோரமாக விட்டார். குதிரையின் காது பின்னால் மடிந்தது. கழுத்தை வளைத்துத் தோலை முகர்ந்தது. பின்னங்கால் மெல்லத் தரையைவிட்டு எழும்பியது. கத்தினால் மிரண்டுவிடும் என்று தனகோடி பல்லைக் கடித்துக்கொண்டார்.

குதிரை தோலை ஒரு நக்கு நக்கியது. மறுபடியும் நக்கியது.

"பாத்தீங்களா, ஒத்துக்கிச்சு!" என்றான் நந்தகோபால்.

"வாய மூடு. உப்புக்கு நக்குது. உப்பு இல்லாத எடத்த நக்கட்டும், அப்ப சொல்லு."

குட்டி மடியைத் தேடி முட்டியது. தொடை, வயிறு, மறுபடி தொடை. குதிரையின் நாக்கு தோலின் ஓரத்துக்கு வந்தது. அதைத் தாண்டி, உப்புப் படாத வெறுங்கழுத்தில் பட்டு நின்றது. தூக்கிய கால் இன்னும் இறங்கவில்லை.