இருநூற்றுப் பதினான்கு பேட்டர்ன்கள்

அழித்து முடிக்க அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

தங்கை கம்ப்யூட்டரிடம் மறுபடியும் கோப்புகளின் பட்டியல் கேட்டாள். கறுப்புத் திரை பதில் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டளைக்காகக் கண்சிமிட்டியது. சற்று முன்புவரை அந்த ஃபோல்டரில் அக்காவின் பதினோரு வருடத் தையல் தொழில் இருந்தது. இருநூற்றுப் பதினான்கு பேட்டர்ன்கள், துணி வெட்டுவதற்கான அளவு வரைபடங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தோளும் இடுப்பும். அக்கா அளந்து, வரைந்து, திருத்தி, தனக்கு மட்டும் புரிகிற மாதிரி பெயர் வைத்தவை: 'கூன் வக்கீல்', 'இடது தோள் இறக்கம்', 'மூச்சே விடாத மணப்பெண்'.

வெள்ளிக்கிழமை தங்கைக்கு வேலைத் தேர்வு. யூனிக்ஸில் ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகள், எழுதச் சொல்வார்கள். வீட்டில் இருப்பதோ விண்டோஸ் கம்ப்யூட்டர், அதுவும் அக்காவுடையது. அதிலேயே ஒரு யூனிக்ஸ் ஜன்னலைத் திறந்துவைத்து மூன்று வாரமாகப் பழகுகிறாள். வெற்றுக் கோப்புகளை உண்டாக்கி உண்டாக்கி அழித்துச் சலித்துப்போய், இன்று அக்காவுக்கு உபயோகமாக ஏதாவது செய்வோமே என்று அவள் ஃபோல்டருக்குள் போனாள். இரண்டே வரி. 'பழைய பிரதிகள்' என்ற ஃபோல்டருக்குள் நுழை. அங்கே இருப்பதையெல்லாம் கேள்வி கேட்காமல் அழி.

பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் யூனிக்ஸ் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும், மேற்கோள் குறி போட வேண்டும் என்று அவளே நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். போடவில்லை. உள்ளே நுழைய முடியாத ஸ்கிரிப்ட், நின்ற இடத்திலேயே, அக்காவின் ஃபோல்டரிலேயே, நின்று இரண்டாவது வரியைச் செய்து முடித்தது.

ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள். காலி. இந்த வழியாகப் போனது அங்கே வராது. தெரிந்தும் மூன்று முறை மூடித் திறந்தாள்.

பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏய், டாக்டரம்மா கோட்டு பேட்டர்ன பிரிண்ட் போடுடி. துணிய விரிச்சுட்டேன்."

"பிரிண்டர் மக்கர் பண்ணுதுக்கா."

"மூணு வாரமா உன்கூட இருந்தா அதுக்கும் கிறுக்குப் பிடிக்காதா?"

மிஷின் நின்றது. கழுத்தில் டேப்போடு அக்கா வந்து நாற்காலியின் பின்னால் நின்றாள்.

"தள்ளு, நான் பாக்கறேன்."

தங்கை தள்ளவில்லை. "அக்கா, நீ எதுலயாவது காப்பி எடுத்து வச்சிருக்கியா?"

"நீதானே எடுத்துத் தரேன்னு சொன்ன? போன மாசமே."

"எல்லாம் போச்சுக்கா."

"எது எல்லாம்?"

"எல்லாமே. நான்தான். தெரியாம."

அக்கா திரையைப் பார்த்தாள். கத்துவாள் என்று தங்கை காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"டாக்டரம்மாகிட்ட போன வருஷக் கோட்டக் கேட்டு வாங்கித் தையலப் பிரிச்சு வரஞ்சா, அந்த ஒண்ணு கிடைச்சிடும்," என்றாள் அக்கா. குரல் உயரவேயில்லை. "மத்த இருநூத்திப் பதிமூணுக்கும் நான் யார் யார் வீட்டுக்குடி போய், அவங்க போட்டிருக்கறதக் கழட்டச் சொல்றது?"

தங்கை எழுந்து நாற்காலியை விட்டாள். அக்கா உட்காரவில்லை. நாற்காலி இருவருக்கும் நடுவில் காலியாகக் கிடந்தது.