நாக்கு வைத்த சத்தியம்

சிலை காணாமல் போன மூன்றாம் நாள் ஊர் ஆண்கள் நியாவோவின் முற்றத்தில் வந்து நின்றார்கள். ஸிங் என்ற ஊருக்குப் பக்கத்து மலையடியில் சோளக் கள் காய்ச்சுகிறவள் அவள். சிலைக்குப் படைக்கும் கள்ளை அது இருந்த வட்டக் குடிசையின் வாசலில் கொண்டுபோய் வைப்பவளும் அவள்தான். சிலையைக் காக்கும் ஜாத்தாவு அதைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க வந்து போற பொம்பள இவ ஒருத்திதான். லாரிக்காரனுக்கு இவதான் குடுத்திருக்கா."

தெற்கே போர் நடந்த வருஷம். மரச்சிலைகளை விலைக்குக் கேட்டு லாரியில் ஆட்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள்.

நியாவோ அகப்பையைத் தரையில் எறிந்தாள். "வாசலுக்கு வந்தவ நான். உள்ள படுக்கிறது யாரு? இடுப்பு ஒசரச் சிலைய உன் தலைமாட்டுலேர்ந்து ஒருத்தி தூக்கிட்டுப் போனாளாம், அய்யா குறட்டை விட்டாராம்!"

"வாய் ரொம்ப நீளுது."

"வாய்தான் நீளம். கை நீளமில்ல. கூப்பிடுங்க, இப்பவே சத்தியம் பண்றேன்."

"எது மேல பண்ணுவே?" என்றான் ஜாத்தாவு, மெதுவாக.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பழி விழுந்தவர்கள் அந்தச் சிலையில் நாக்கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். பொய் சொன்னால் மழைக்காலம் முடிவதற்குள் வயிறு வீங்கிச் சாவு. மெய் சொன்னால் அன்றோடு பழி தீர்ந்தது. எடுத்தவன் சிலையை மட்டும் எடுக்கவில்லை, அவளுடைய சத்தியத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

மறுநாள் அவளுடைய கள்ளை வாங்க ஒரு நாதியில்லை. ஊற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் தங்கள் குடத்தை இழுத்து ஒதுக்கி வைத்தார்கள். நேரே அண்ணன் டொம்பாவின் பட்டறைக்குப் போனாள். காணாமல் போன சிலையைச் செதுக்கியவனே அவன்தான்.

"இன்னொண்ணு செதுக்கு, அண்ணே."

"ஜாத்தாவு சொல்லாம நான் எப்படி..."

"உன் தங்கச்சிய திருடின்னு சொன்னப்ப அவன் உன்கிட்ட கேட்டுட்டா சொன்னான்? நீயும் அந்தக் கூட்டத்துல நின்னேதானே, கல்லு மாதிரி?"

டொம்பா மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான்.

ஒன்பது நாள் செதுக்கினான். ஒரே மரத்தில் நீண்ட உடம்பு, அதைத் தொடாமல் வளைந்து இறங்கும் கைகள், தொங்கும் பெரிய காதுகள். கடைசியில் செங்காவி பூசினான். ஒன்பது நாளும் நியாவோவின் கோபம் ஆறவில்லை. சிராய் தெறித்தால் அதையும் திட்டினாள்.

பத்தாம் நாள் காலையில் அவளே அதைத் தோளில் சுமந்துவந்து ஊர் நடுவில் ஊன்றினாள். தலைவர் சாம்போ சொன்னபடி ஜாத்தாவு கோழி அறுத்து ரத்தமும் கள்ளும் ஊற்றினான். ஊற்றிவிட்டு, "பச்சை மரம். இது என்ன செய்யும்?" என்று உதட்டைப் பிதுக்கினான்.

நியாவோ மண்டியிட்டு நாக்கை வைத்தாள். "நான் எடுத்திருந்தா என் வயிறு வெடிக்கட்டும்." எழுந்தாள். ரத்தமும் காவியும் ஒட்டிய வாயோடு அவனைப் பார்த்தாள். "இப்ப நீ வா."

"நான் எதுக்கு? காவக்காரன் நான்."

"பச்சை மரம்தானே? நக்கிட்டுப் போயேன்!"

ஜாத்தாவு குனிந்தான். அந்தக் காதுகளுக்கு அருகில் அவன் முகம் போனது. நாக்கு வெளியே வரவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"லாரிக்காரன் ஒரு சைக்கிள் குடுத்தான்..." என்றான்.

டொம்பா பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். நாலு பேர் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. அன்றே ஜாத்தாவுவைக் குடிசையிலிருந்து வெளியேற்றினார்கள். போன சிலை போனதுதான். லாரி எந்தத் திசையில் போனது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் தலைவர் வீட்டிலிருந்து மன்னிப்பாக ஒரு கூடை சேனைக்கிழங்கு வந்தது. நியாவோ அதைச் சரிவில் உருட்டிவிட்டாள். "ஊரு பார்க்கத் திருடின்னீங்க. கிழங்கு மட்டும் கொல்லைப்பக்கமா வருதா? சந்தையில வந்து சொல்லுங்க."

சந்தை நாளில் சாம்போ வந்தார். செருமினார். "நியாவோ எடுக்கல," என்று தாடிக்குள் முனகினார்.

"கேக்கல."

"நியாவோ எடுக்கல!"

"உப்பு விக்கிறவங்க வரைக்கும் கேக்கணும்."

மூன்றாம் முறை அவர் கத்தியபோது சந்தையே திரும்பிப் பார்த்தது. நியாவோ பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த முற்றத்தில் வந்து நின்ற ஒருவனுக்கும் அந்த அறுவடை முடியும்வரை அவள் ஒரு சுரைக்குடுவைக் கள்கூட ஊற்றவில்லை. டொம்பாவுக்கும்தான்.