முன் பெஞ்சு

அன்னூர்ப் பக்கத்துப் பழைய மிஷன் பள்ளிக்கூடத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கி, ஊரார் பார்க்கத் திறந்துவிட்ட முதல் ஞாயிறு அது. முன்னாள் மாணவர்களையும் அழைத்திருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற கருப்பாத்தாள் சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். கூடவே, அதே வகுப்பில் படித்த செவ்வந்தி.

மூன்றாம் வகுப்பு அறையில் தேக்கு பெஞ்சுகளை மினுக்கி வரிசையாகப் போட்டு, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள்.

"அந்தக் காலத்துலயே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இந்த பெஞ்சுல ஒண்ணா உக்காந்து படிச்சாங்க" என்றாள் சுற்றிக்காட்டும் பெண் அக்ஷிதா. கூட்டம் கைதட்டியது.

கருப்பாத்தாளுக்குக் காது சூடேறியது. அவளைப் போலப் பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு அன்று ஜன்னலடியில் வெறுந்தரைதான். ஒரு நாள் மழைச்சாரல் தாங்காமல் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். வாத்தியார் கணுக்காலிலேயே பிரம்பால் விளாசினார்.

கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தவள், முன் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மேனேஜர் வின்ஸ்டன் ஓடி வந்தார். "ஏனுங்கம்மா, அதுல உக்காரக் கூடாதுங்க. எந்திரிங்க."

"மாட்டேனுங்க. அன்னைக்கு இதுல உக்காந்ததுக்குத்தான் அடி வாங்குனேன். எங்களத் தரையில உக்கார வெச்சாங்க. இந்தப் பொண்ணு சொல்றது பொய்யுங்க."

"ஆளுக வந்திருக்கற நேரத்துல பழசையெல்லாம் எதுக்குங்க கிளறறீங்க?"

"பழசக் காட்டத்தானுங்களே டிக்கெட் போட்டிருக்கீங்க?"

யாரோ சிரித்தார்கள். வின்ஸ்டனுக்கு முகம் கறுத்தது. "போலீசக் கூப்பிடவேண்டி வரும்."

"கூப்பிடுங்க. வரட்டும். அவங்களுக்கும் சொல்றேன்."

அதுவரை கதவோரம் நின்றிருந்த செவ்வந்தி கயிற்றைத் தாண்டி வந்தாள். "தள்ளி உக்காரு, கருப்பாத்தா."

போலீஸ் வரவில்லை. அடுத்தடுத்து வந்த கூட்டத்துக்கெல்லாம் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். யார் யார் தரையில் உட்கார்ந்தார்கள், தண்ணீரை யார் எட்டி நின்று கையில் ஊற்றினார்கள் என்று பேர் பேராகச் சொன்னார்கள். சாத்துகிற நேரம்வரை எழுந்திருக்கவில்லை. அக்ஷிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றாள்; கிளம்பும்போது கருப்பாத்தாளின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"மேனேஜர் பழையபடியே சொல்லச் சொன்னாருங்கம்மா. நான் நீங்க சொன்னதச் சொல்லிப்போட்டேனுங்க. வேலைய விட்டு நின்னுக்கன்னு வெளிய அனுப்பிட்டாங்க."

கருப்பாத்தாள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

"வாசல விட்டு நகராத, கண்ணு. நான் வாரேன். செவ்வந்தியையும் கூட்டிட்டு வாரேன்."